இஸ்திரிப்பெட்டிக்குத் தமிழ் தெரியாது

எனக்குத் தமிழ் தெரியாது என்று ஒரு ஹோட்டல் முழுவதும் பதினான்கு வருடம் நம்பியது. நம்பவைத்தது நான்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எழுதும்போதே காது மடல் சுடுகிறது.

இருபத்து நான்கு வயதில் கணவரோடு இந்த நாட்டுக்கு வந்தேன். வந்த மூன்றாம் மாதம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நாற்பது அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. குளியலறைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அதன் முன்னால் வாயை அசைத்து அசைத்து இந்த ஊர் மொழியைப் பழகினேன். அங்கிருந்து வரவேற்பு மேசை, மாலை வகுப்பு, மேற்பார்வையாளர் வேலை. பத்து வருடம் கழித்து வேறொரு ஹோட்டலில் துணை மேலாளர் ஆனேன். ஒவ்வொரு படிக்கும் நாக்குத் தள்ளிப்போயிற்று. அதுவரைக்கும் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

அந்த இரண்டாவது ஹோட்டலில்தான் என் நாத்தனாரைச் சலவைப் பிரிவில் சேர்த்துவிட்டேன். வீட்டுக்காரர் கெஞ்சினார், மாமியார் ஃபோனில் அழுதார், நான் இளகிவிட்டேன். நாத்தனார் நினைத்த நேரத்துக்கு வந்தாள். சொல்லாமல் லீவு போட்டாள். யாராவது கேட்டால் "எங்க அண்ணி இருக்காங்க, பாத்துப்பாங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒருநாள் மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, "இங்கே ஹோட்டல் நடக்கிறதா, உங்கள் வீட்டுக் கல்யாணம் நடக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு என்னைவிட ஐந்து வயது குறைந்த ஒருவனுக்குப் போனது. அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று உச்சந்தலைக்கே வந்தது.

மூன்றாவது ஹோட்டல் பெரியது. இருநூற்று இருபது அறைகள். துணை மேலாளராகச் சேர்ந்த முதல் நாள், படுக்கை விரிப்புகள் அடுக்கிவைக்கும் அறையில் ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள், நெற்றியில் வியர்வை, கையில் தலையணை உறைகள். முகமெல்லாம் மலர, "நீங்க தமிழா மேடம்?" என்று கேட்டாள்.

நாத்தனார் முகம் கண்முன் வந்து போயிற்று. கண்ணைக்கூட இமைக்காமல், இந்த ஊர் மொழியில், "மன்னிக்கவும், என்ன கேட்டீர்கள்?" என்றேன்.

அவள் முகம் அப்படியே வாடிப்போனது. ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு உறைகளை எண்ணப் போய்விட்டாள். அவள்தான் சின்னக்கா. அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண்கள் ஐந்தாறு பேரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். முன்பு பெரியக்கா என்று ஒருத்தி இருந்து ஓய்வுபெற்றுவிட்டாளாம்.

ஒரே ஒரு பொய். ஆனால் அதற்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது. என் பெயரின் முன்பாதியை மட்டும் சட்டையில் குத்தும் அட்டையில் போட்டுக்கொண்டேன். அந்தப் பாதி எந்த நாட்டுக்காரிக்கும் பொருந்தும். எந்த ஊர் என்று கேட்டவர்களுக்குச் சிரித்து மழுப்பினேன். அம்மாவின் ஃபோன் வந்தால் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேசினேன். என்னை அழைத்துப்போக வரும் வீட்டுக்காரரை இரண்டு தெரு தள்ளி நிற்கச் சொன்னேன்.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் திருட்டுத்தனமா காதலிக்கற மாதிரியே நிக்க வைக்கறியே" என்பார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது.

இதோடு விட்டிருந்தால்கூட ஏதாவது சப்பைக்கட்டு கட்டலாம். நான் விடவில்லை.

சேர்ந்த இரண்டாவது வாரம், பணியாளர் லிஃப்டில் எனக்குப் பின்னால் சின்னக்காவும் ஒல்லியும் நின்றார்கள். ஒல்லி அப்போது புதிதாகச் சேர்ந்தவள். ஊதினால் பறந்துவிடுவாள் போல இருப்பாள், மெத்தையை மட்டும் ஒற்றைக் கையால் தூக்குவாள். "இருநூத்திப் பதினாலுல திரைச்சீலைக்குப் பின்னாடி துடைக்கவே இல்லக்கா, நேரமே இல்ல" என்றாள் அவள். நான் லிஃப்ட் கதவைப் பார்த்தபடி நின்றேன். பத்து நிமிடம் கழித்து இருநூற்றுப் பதினான்குக்குப் போய், திரைச்சீலையை விலக்கி, ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டி, தூசியை அவளிடம் நீட்டினேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இந்தம்மாவுக்கு முதுகுலயும் கண்ணு இருக்குடி" என்றாள் ஒருத்தி மறுநாள், என் முதுகுக்குப் பின்னாலேயே.

இன்னொருத்தி சொன்னாள்: "சட்டையில ஒரு சுருக்கம் பாத்திருக்கியா? பக்கத்துல போனா சுடும். இஸ்திரிப்பெட்டிடி அது!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமுகிற மாதிரி நடித்துச் சமாளித்தேன்.

அப்படித்தான் என் புகழ் வளர்ந்தது. எந்த அறையில் மெத்தை உறை மாற்றவில்லை, யார் குளியலறைத் துணியாலேயே மேசையைத் துடைத்தாள், எல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஆறாவது வருடம் தலைமை மேலாளர் ஆக்கினார்கள். தலைமை அலுவலகத்தில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மற்ற ஹோட்டல் மேலாளர்களுக்கு அறைகளைச் சோதிப்பது எப்படி என்று நானே வகுப்பு எடுத்தேன். வெள்ளைப் பலகையில் அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்கினேன். லிஃப்டில் ஒட்டுக்கேட்பேன் என்று எந்த அம்புக்குறியிலும் எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வேவு பார்க்க மட்டும் நான் அந்த லிஃப்டில் ஏறவில்லை. நாள் முழுக்க வேற்று மொழியில் பேசிப் பேசி வாய் மரத்துப்போன நேரங்களில், வேலையே இல்லாவிட்டாலும் ஐந்தாவது மாடி வரை அவர்களோடு போவேன். மாமியார் கதை, பிள்ளைகளின் பரீட்சை, ஒல்லியின் வீட்டுக்காரன் குறட்டை. திருடித் தின்பவள் மாதிரி வாயை மூடிக்கொண்டு கேட்பேன். ஒரு நாளும் திருப்பி ஒரு வார்த்தை கொடுத்ததில்லை.

பதினான்காவது வருடம், பதினோரு ஹோட்டல்களுக்கும் சேர்த்து ஒரு மேலாளர் பதவி வந்தது. எனக்குத்தான் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. அதற்கு முன் ஒரு தணிக்கை மட்டும் பாக்கி.

அந்த நாட்களில் ஒரு காலை, லிஃப்டில் சின்னக்கா ஒல்லியிடம் சொன்னாள்: "வலது கையைத் தோளுக்கு மேல தூக்கவே முடியலடி. டாக்டர் மூணு மாசம் மெத்தை தூக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கார். அந்தச் சீட்டை ஆபீஸ்ல நீட்டினா வேலையை விட்டு அனுப்பிடுவாங்களோன்னு பயமா இருக்கு. இப்போதைக்கு நீ என் படுக்கையெல்லாம் பாத்துக்கோ. உன் பாத்ரூமையும் சேத்து நான் தேய்ச்சுடறேன்."

"மெதுவாக்கா" என்றாள் ஒல்லி.

"எதுக்கு மெதுவா? இவங்களுக்கு என்ன புரியவா போகுது?"

வழக்கமாக லிஃப்டில் அதிகம் பேசாதவள் சின்னக்கா. அன்று ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அதை நான் கவனித்தேன், யோசிக்கத்தான் இல்லை. என் மண்டையில் ஓடியதெல்லாம் ஒன்றுதான். ஓர் அறையை ஒருத்தியே முழுக்கச் செய்து அவளே கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி கொண்டுவந்தவள் நான். அந்த விதியை என் கண் முன்னால் இவர்கள் மீறுகிறார்கள், தணிக்கை வேறு வருகிறது.

இரண்டாவது மாடி விரிப்பு அறையில் உட்கார்ந்து துணிகளைக் கணக்கெடுக்கும் வேலை ஒன்று அப்போது காலியாக இருந்தது. பாரம் தூக்க வேண்டியதில்லை. சின்னக்காவை அங்கே மாற்றியிருக்கலாம். ஆனால் ஏன் மாற்றுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? அவள் தோள் வலி எனக்கு எப்படித் தெரியும்? இப்படிக் கேட்டுக்கொண்டு என்னை நானே ஏமாற்றினேன். உண்மையில், கையும் களவுமாகப் பிடித்துவிட்ட அற்ப சந்தோஷமும் எனக்குள் இருந்தது. அடுத்த வார வேலைப் பட்டியலில் ஒல்லியை ஐந்தாவது மாடிக்கு அனுப்பினேன். சின்னக்காவை இரண்டாவது மாடியில் தனியாகப் போட்டேன்.

ஒன்பதாவது நாள், இருநூற்று இருபத்தாறில், மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பைச் செருகும்போது அவள் தோளில் தசைநார் அறுந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போனபோது அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. என் அறையில்தான். எச்.ஆர். அம்மா ஒருத்தி, இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர், மேசை நடுவே ஒரு ஃபோன். ஃபோனுக்குள் எங்கிருந்தோ ஒரு மொழிபெயர்ப்பாளர். சின்னக்கா வலது கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளியில் போட்டுக்கொண்டு எனக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் எளிமையானது. அவளுக்குத் தோள் சரியில்லை என்று நிர்வாகத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் தவறு ஹோட்டலுடையது. அறுவை சிகிச்சையும் வேறு வேலையும் அவளுக்குக் கிடைக்கும். தெரிந்திருக்காவிட்டால், உடல் குறையை மறைத்து வேலை செய்ததாக எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஐம்பத்தாறு வயதில், ஒரு கையோடு.

"உங்கள் தோள் வலியை யாரிடமாவது சொன்னீர்களா?" என்று எச்.ஆர். அம்மா கேட்டாள். அதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். எனக்கு எல்லாமே இரண்டு முறை கேட்டது.

"கூட வேலை செய்யற பொண்ணுகிட்ட சொன்னேன்."

"மேலாளருக்குத் தெரியுமா?"

சின்னக்கா ஃபோனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அவங்களுக்குத் தமிழ் தெரியாதே. அப்புறம் எப்படித் தெரியும்?" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சுருக்கி, "தெரியாது என்கிறார்" என்றார்.

எச்.ஆர். அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினேன். "எனக்குத் தெரியாது" என்றேன். காகிதத்தை நகர்த்தினார்கள். கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கக்கூட இல்லை, அத்தனை வருடப் பழக்கம்.

சின்னக்கா எழுந்து போனாள். இன்ஷூரன்ஸ்காரர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு அடித்தளத்துக்கு இறங்கினேன். பெண்கள் உடை மாற்றும் அறையில் அவள் மட்டும் இருந்தாள். இடது கையால் லாக்கரிலிருந்து பொருட்களை எடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்னக்கா" என்றேன். அந்தக் கட்டடத்துக்குள் நான் வாய்விட்டுப் பேசிய முதல் தமிழ் அது.

அவள் திரும்பக்கூட இல்லை. "இந்தச் சாவியை ஆபீஸ்ல குடுக்கணுமா மேடம், இல்ல இப்படியே வச்சுட்டுப் போகலாமா?" என்றாள், நாங்கள் தினமும் பேசிக்கொள்பவர்கள் மாதிரி.

பெஞ்சில் உட்கார்ந்தேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது வருஷமே தெரியும். கார்ல உக்காந்துக்கிட்டு, மாத்திரை போட்டியா போட்டியான்னு உங்க அம்மாகிட்ட கத்துவீங்களே. கண்ணாடியை ஏத்திட்டா கேக்காதுன்னு நெனச்சீங்களா? துணி வண்டியைத் தள்ளிக்கிட்டு அந்தப் பக்கமாத்தான் நாங்க வருவோம்."

"எல்லாருக்குமா?"

"எனக்கு மட்டும்தான். நான் யாருகிட்டயும் சொல்லல. லிஃப்ட்ல மெதுவா பேசுங்கடி, மெதுவா பேசுங்கடின்னு இவளுங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டாத்தானே. நீங்க மறைக்கறதுக்கு ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். நம்ம பொம்பளை ஒருத்தி அந்த நாற்காலியில உக்காந்திருக்கா, நம்மால அது கெடக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. "அப்போ அன்னிக்கு லிஃப்ட்ல..."

"உங்க காதுல போட்டு வைக்கத்தான் சொன்னேன். நேர்ல வந்து கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? ஒண்ணும் புரியலையேன்னு முழிச்சிருப்பீங்க. உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். இப்படிச் சொன்னா, நீங்களா ஏதாவது பண்ணுவீங்கன்னு நெனச்சேன்." பையின் வாயை ஒரு கையால் கட்ட முடியாமல் பல்லால் இழுத்தாள். நான் எழுந்து உதவப் போனேன், தோளைத் திருப்பிக்கொண்டாள். "அடுத்த வாரம் லிஸ்ட்டைப் பாத்தேன். ஒல்லி அஞ்சாவது மாடி. சரி, இதுதான் பதில் போலன்னு எடுத்துக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் மேல எனக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க?"

"நீங்களா வாயைத் திறக்கறீங்களான்னு பாத்தேன்."

அவள் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு கதவு வரை போய், நின்றாள்.

"அம்மா போயிட்டாங்கதானே? போன வருஷத்துக்கு முந்தின வருஷம். நாலு நாள் லீவு போட்டுட்டு, கண்ணெல்லாம் வீங்கிப் போய் வந்தீங்க. வந்து கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை கேக்கணும்னு இருந்துச்சு. எப்படிக் கேக்கறது? உங்களுக்குத்தான் தமிழ் தெரியாதே."

அவள் போய்விட்டாள். நான் படிக்கட்டில் ஓடினேன். ஐம்பத்து மூன்று வயதில், இஸ்திரி போட்ட உடையோடு, மூன்று மாடி. இன்ஷூரன்ஸ்காரர் பையை மூடிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"அந்தக் காகிதத்தைக் கொடுங்கள். நான் பொய் சொன்னேன். எனக்கு முன்பே தெரியும்" என்றேன்.

"எப்படித் தெரியும்?" என்றாள் எச்.ஆர். அம்மா.

"லிஃப்டில் அவளே சொன்னாள். தமிழில். நானும் தமிழ்தான்."

இருவரும் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியவில்லை. எச்.ஆர். அம்மா என் கோப்பைப் புரட்டினாள், அதில் தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் நான் எதை எழுதியிருக்கிறேன் என்று பார்க்க. பிறகு மெதுவாக, "பதினான்கு வருடமாகவா?" என்றாள். ஆமாம் என்றேன்.

இதற்காக யாரும் என்னை மெச்ச வேண்டாம். எனக்குத் திடீரென்று நெஞ்சுரம் வந்துவிடவில்லை. அவள் கடைசியாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அந்தக் கட்டடத்தில் நிற்க முடியவில்லை, அதனால்தான் ஓடினேன்.

பதினோரு ஹோட்டல் பதவி போயிற்று. ஒப்பந்தம் முடியும் வரை, இன்னும் நான்கு மாதம், இங்கேயே இருக்கலாம் என்று ஒரு கடிதம் வந்தது. சின்னக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. விரிப்பு அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலையையும் அவளுக்குக் கொடுத்தார்கள். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டது நான்தான். முன்பே போட்டிருக்க வேண்டியது.

செய்தி அரை மணி நேரத்தில் ஹோட்டல் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் ஒல்லி கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரரைப் பத்தி நான் பேசினதெல்லாம் கேட்டீங்களா மேடம்?"

தலையாட்டினேன்.

"எல்லாமா? எனக்குக் கரு கலைஞ்சப்போ அழுதேனே, அதுவுமா?"

"எல்லாம்" என்றேன்.

அவள் எதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

அதன் பிறகு நான் பணியாளர் லிஃப்டில் ஏறினால் பேச்சு நின்றுவிடும். கதவு திறக்கும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும், என்னைப் பார்த்ததும் எல்லாரும் எண்கள் மாறுவதைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வாயைத் திறந்தால் தமிழ் வரும், ஆனால் யாரிடம் பேசுவது? ஓரிரு முறை நானாகவே ஏதோ கேட்டேன். ஆமாம், இல்லை என்று இந்த ஊர் மொழியில் பதில் வந்தது. வீட்டுக்காரர் இப்போது ஹோட்டல் வாசலுக்கே வந்து நிற்கிறார். நான்தான் தலையைக் குனிந்துகொண்டு போய்க் காரில் ஏறுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து சின்னக்கா வேலைக்குத் திரும்பினாள். அன்று காலை லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். என்ன பேசுவது என்று முந்தின நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அத்தனையும் மறந்துவிட்டது.

"தோள் எப்படி இருக்கு சின்னக்கா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தாள். விருந்தினர்கள் எதிர்ப்பட்டால் சொல்வதற்கென்று புதிதாகச் சேரும் எல்லாப் பெண்களுக்கும் முதல் நாளே இந்த ஊர் மொழியில் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைப்போம். அதை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள்.

"தங்களின் நாள் இனிதாக அமையட்டும், மேடம்."

இரண்டாவது மாடியில் கதவு திறந்தது. அவள் இறங்கிக்கொண்டாள்.